கடலில் நட்டாலும் பயிர் பயிர்தான்! வானத்தில் எடுத்த படம் கரைக்கு வரட்டும்!

(பாக் விரிகுடாக் கரையோர ஊர்களில் நடந்த விளக்கக் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

  

வயல்காட்டு விவசாயிகள் கூட்டத்தில் கடல்பாசிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கிறாங்க. விதை போடுறோம், களை எடுக்கிறோம், நாள் எண்ணிக் காத்திருக்கிறோம், அறுக்கிறோம். இதுக்குப் பேர் விவசாயம் இல்லைன்னா வேறென்ன?

கணக்கைப் பாருங்க. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம். அதில் 20 கயிறு. கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதை. 45 நாள் கழித்து நல்ல பருவத்தில் 200 கிலோவுக்கு மேல் பச்சைப்பாசி எடுக்கலாம். அதில் 60 கிலோவை மறு நடவுக்கு ஒதுக்கணும். மிச்சத்தைக் காய வைத்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். இவ்வளவு மெல்லிசான கணக்கில் ஒரு நடவு வீணானால், அடுத்த நடவுக்கு விதையும் சேர்ந்து போச்சு.

எப்போது வீணாகிறது? இது நமக்குத் தெரியாததல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பினால் பாக் விரிகுடா கொந்தளிக்கும். தெப்பம் கடலில் நிற்காது. தை பிறந்து கடல் அடங்கினதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விதை வேணும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கொதிக்கும். 30 டிகிரிக்கு மேலே சூடு ஏறி நாள்கணக்கில் நின்றால் பாசி தளரும்; தண்டில் வெள்ளை விழும்; ஒடிந்து கடலோடு போகும். இடையிலே ஓரா மீன் மேய்ச்சல் வேறு.

2013-ல் நம்ம கரையில் ஏறத்தாழ 1,500 டன் உலர்பாசி எடுத்தோம். அதற்கப்புறம் பாசி கூட்டம் கூட்டமாக மடிந்தது, விளைச்சல் சரிந்தது. எந்த ஊரில் எந்த வாரம் வெளுக்கத் தொடங்கியது, எந்தப் பக்கம் பரவியது, எத்தனை தெப்பம் போச்சு? இந்தக் கணக்கு எந்தக் கிராமத்தின் கையிலும் இல்லை. கணக்கு இல்லாதவனுக்கு நிவாரணம் கேட்கவும் வாய் இல்லை.

இங்கேதான் வானத்துப் படம் வருகிறது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து விட்ட சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை நம்ம கடலைப் படம் எடுக்குது. அந்தப் படம் யாருக்கும் இலவசம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்தப் புள்ளிக்குள் நம்ம தெப்பம் ஏழு அடங்கிவிடும். ஒத்தைத் தெப்பம் அதில் தெரியாது. சேர்த்துக் கட்டிய கூட்டம்தான் தெரியும். மேகம் மூடினால் அதுவும் தெரியாது. வாடைக் காலம் முழுக்க மேகம்தானே?

ட்ரோன் என்ற ஆளில்லா விமானம் அப்படியல்ல. 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் கயிறு கயிறாகக் காட்டும். பாசி தவிட்டு நிறமாகச் செழித்திருக்கா, வெளுத்திருக்கா, கயிறு வெறிச்சோடிக் கிடக்கா என்று பார்த்துவிடலாம். காற்று அடங்கிய காலை நேரம், வெயில் தண்ணீரில் கண்ணாடி மாதிரி அடிக்கும் முன்னே எடுத்தால் படம் தெளிவா இருக்கும். ஒரே இடத்தை மாதாமாதம் எடுத்து வரிசையாக வைத்தால், பருவம் மாறுவது கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். படம் நிறத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. கயிறு காலியாக இருந்தால் அது அறுவடையா, அழிவா? ஓரா மேய்ந்ததா, சூட்டில் ஒடிந்ததா? கடலில் இறங்கி நின்ற பெண்தான் சொல்ல முடியும். அதனால் நம்ம நோட்டும் வேணும், அவங்க படமும் வேணும். ஒன்று இல்லாமல் ஒன்று செல்லாது.

உலகத்தில் என்ன நடந்திருக்கு என்று பாருங்க. தென்கொரியாவில் சிசான் தீவைச் சுற்றியுள்ள பாசித் தோட்டங்களை 2014 ஜனவரியில் லேண்ட்சாட்-8 எடுத்த படத்தில் கட்டம் கட்டமாகப் பார்க்கலாம். சீனாவில் 2008-ல் ஒலிம்பிக் படகுப் போட்டிக்கு முன்னால் சிங்தாவ் நகரக் கடற்கரையில் பச்சைப்பாசி மலைபோல் ஒதுங்கியது. விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களை நாள்வாரியாகப் பின்னோக்கிப் பார்த்து, ஜியாங்சு கரையில் பாசி வளர்க்கிற பகுதி வரைக்கும் தடம் பிடிச்சாங்க. படம் விவசாயிக்குச் சாட்சியாகவும் நிற்கும், விவசாயிக்கு எதிராகவும் நிற்கும். அது யார் கையில் இருக்கு என்பதே கேள்வி.

நமக்கும் அந்தக் கவலை உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. குருசடைத் தீவில் நாம் வளர்க்கும் பாசி பவளப்பாறை மேல் படர்ந்ததாக 2008-ல் ஆய்வு வெளிவந்தது. பவளம் அழிந்தால் மீன் அழியும். அதைக் காப்பதில் நமக்கு மறுப்பில்லை. படத்தில் பாசி பாறைப்பக்கம் ஒதுங்குவது தெரிந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்க, நாங்களே போய் எடுக்கிறோம். தேதியில்லாத படத்தைக் காட்டித் தெப்பத்தை அவிழ்க்கச் சொன்னால் ஏற்க மாட்டோம்.

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்பார்கள். நிலத்தில் நடந்திருக்கே! 2016-17 சம்பா பொய்த்தபோது, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ரேடார் செயற்கைக்கோள் படத்தை வைத்துத்தான் நடவே நடக்காத பரப்பைக் காப்பீட்டுக்காகக் கணக்கெடுத்தாங்க. 2023 காரிஃப் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் பயிர்க் காப்பீட்டு மகசூல் கணக்கில் செயற்கைக்கோள் கணிப்பையும் சேர்த்தாங்க. மீன் எங்கே கூடும் என்று ஹைதராபாத் கடல் தகவல் மையம் செயற்கைக்கோள் பார்த்து மீனவருக்குச் சொல்லுது. சுய உதவிக் குழுப் பெண்கள் வயலுக்கு மேலே ட்ரோன் ஓட்ட 2023-ல் மத்திய அரசே திட்டம் போட்டது. வயலுக்கு மேலே பறக்கிறது கடலுக்கு மேலே பறக்காதா?

காசில்லை என்றும் சொல்ல முடியாது. 2020-ல் அறிவித்த பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் கடல்பாசிக்கு என்றே 640 கோடி ரூபாய் சொன்னாங்க. வலமாவூரில் 127 கோடிக்கு மேல் மதிப்பில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினாங்க. பூங்காவுக்குப் பாசி எங்கிருந்து வரும்? நம்ம தெப்பத்திலிருந்துதானே! தெப்பத்தைக் காக்காமல் பூங்கா எதற்கு?

ஆகவே அரசிடம் கேட்கிறோம்:

1. தை முதல் புரட்டாசி வரை மாதம் ஒருமுறை, சித்திரை - வைகாசியில் இருவாரத்துக்கு ஒருமுறை பாசிப் பகுதிகளை வானிலிருந்து படம் எடு. புயல் எச்சரிக்கை வந்தால் முன்னும் பின்னும் எடு.

2. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கு, எல்லைக் கடல் பக்கத்தில் இருக்கு. ட்ரோன் அனுமதிக்காகப் பெண்களை அலைய விடாதே. மீன்வளத்துறையே வாங்கிக் கொடு.

3. தேதி, ஊர்ப்பெயர் போட்டுத் தமிழில் விளக்கத்தோடு படத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு. குழுவுக்கு ஒரு பிரதி கொடு.

4. படத்தையும் குழு நோட்டையும் சேர்த்து வைத்து, நேரில் பார்த்து இழப்பைத் தீர்மானி. படத்தை மட்டும் காட்டி யாருக்கும் நிவாரணத்தை மறுக்காதே.

5. கடல் சூடு ஏறும் முன்னே குழுக்களுக்கு எச்சரிக்கை கொடு. வாடைக் காலத்தில் விதைப்பாசியைக் காத்துத் தையில் கொடுக்க விதை வங்கி அமை.

6. படம் எடுக்க நம்ம பெண்களுக்கே பயிற்சி கொடு, கூலியும் கொடு.

தாய்மார்களே! கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். இன்றைக்கே நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. குழுவுக்கு ஒரு நோட்டுப் போடுங்க. நட்ட தேதி, தெப்ப எண்ணிக்கை, வெளுப்புக் கண்ட நாள், காற்று எந்தப் பக்கம், அறுத்த எடை எல்லாத்தையும் எழுதுங்க. எழுதத் தெரியாத அக்காவுக்குப் படிக்கிற பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மே 1 கிராமசபை, கடல் கொதிக்கிற நேரத்தில்தான் வருது. அந்த நோட்டோடு வாங்க. இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றி, நகல் வாங்கிக்கொண்டு போங்க.

வயல் விவசாயிகளே! நீங்களும் அந்தச் சபையில் கை தூக்குங்க. உங்கள் நெல்லுக்கு வானத்திலிருந்து கணக்கெடுக்கிறாங்க. அந்தப் படத்தை நீங்கள் பார்த்ததுண்டா? உங்களுக்கும் எங்களுக்கும் கோரிக்கை ஒன்றுதான்.

எங்கள் கடல்! எங்கள் உழைப்பு! எங்கள் படம் எங்கள் கையில் வேண்டும்!

ஒன்றுபடுவோம்! உரிமையை வெல்வோம்!