குழிக்குள் இறங்கும் இயந்திரம்

ரோபோ வந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் சில வேலைகள் மனிதரை விட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் நச்சுவாயுவால் இறந்தார்கள். அது உறுத்தியதால் கேரள இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. பிறகு நம் கும்பகோணத்துக்கும். மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்க, அதன் கை உள்ளே இறங்கிக் கசடை அள்ளுகிறது. அப்படியானால் துப்புரவுத் தொழிலாளியின் பிழைப்பு? அவரையே ரோபோவை இயக்குபவராகப் பழக்கலாம், பழக்கியும் இருக்கிறார்கள். விலை அதிகம் என்பார்கள். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை நகராட்சிகள் இயந்திரத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கட்டும்.