பாழடைந்த மகாலின் படம்



மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சி கோயிலைக் கும்பிட்ட கையோடு திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்து வருவார்கள். ஓங்கிய தூண்கள், மடிப்பு மடிப்பான சுதை வளைவுகள், மேலே குவிமாடம். ஸ்பெயினில் மூர் இனத்தவர் எழுப்பிய அல்ஹம்ப்ரா அரண்மனையைப் படத்தில் கண்டவர்களுக்கு அந்த வளைவுகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் கட்டியதில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய நாலிலொரு பங்குதான். பெரும்பகுதியை இடித்தவர் அவருடைய பேரன் சொக்கநாதரே என்பார்கள்.

நான் பேசவந்தது கட்டியவரைப் பற்றியுமல்ல, இடித்தவரைப் பற்றியுமல்ல. படம் பிடித்தவரைப் பற்றி.

லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரைக்கு வந்தார். மெழுகூட்டிய காகிதமே அவருக்கு நெகற்றிவ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். ஒளி பதிய நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நடந்துபோகிற மனிதர் படத்தில் விழமாட்டார், தூண் விழும். வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும் என்பதால், நெகற்றிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். வானத்தில் அவர் செய்த அந்தச் சின்னக் களவை நாம் மன்னித்துவிடலாம்.

அன்று மகால் பாழடைந்து கிடந்தது. 1866இல் ஆளுநராக வந்த நேப்பியர் பிரபுவின் காலத்திலேதான் திருத்தவேலை நடந்தது. நாம் போய்ப் பார்ப்பது திருத்திய மகால். திருத்துவதற்கு முன் அது கிடந்த கோலம் டிரைப்பின் தாள்களில் இருக்கிறது. அந்தப் புகைப்பட வேலையையோ, செலவு அதிகமென்று அடுத்த சில ஆண்டுகளில் அரசு நிறுத்திவிட்டது!

புளியங்குளத்தில் இருந்துகொண்டு இதை ஏன் சொல்கிறேன்? 1997ஆம் ஆண்டுச் சண்டையில் எங்கள் அம்மம்மாவின் வீடு போனது. போர் முடிந்து திரும்பி வந்தபோது, சன்னம் துளைத்த ஒரு சுவரும் இரண்டு தூண்களும் நின்றன. கமரா கையில் இருந்தது. இடிந்ததை யார் படம் எடுப்பார் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் தள்ளி, புது வீடு கட்டி, அதற்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்தோம்.

போன மாதம் மருமகள் கேட்டாள்: “மாமா, பழைய வீடு எப்பிடி இருந்தது?”

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். கிடைத்தது ஒரு கலியாணப் படம். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், அரைத்தூண் தெரிகிறது.