வீட்டு மின்சாதனத் திருத்துத் தொழில்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் வழக்கமாகச் சமயமும் இலக்கியமும் பேசப்படும். இம்முறை மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறார்கள். நாம் நடத்துவது ஒரு சிறு திருத்தகம். ஓர் அறை, இரண்டு மேசை, மூன்று பேர். பழுதானவற்றைத் திருத்துகிறோம், புதியவற்றை வீடுகளிற் பொருத்திக் கொடுக்கிறோம். இதற்கு மேல் எமக்கு வேறு தகுதி இல்லையாதலின், அறிந்ததை மட்டும் கூறுவோம்.

கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அது வேடிக்கையாகச் சொல்லப்பட்டது என்று எண்ணுபவர்கள் ஒரு கலியாணப் பேச்சுக்காலிற் போய் இருந்து பார்க்கட்டும். மாப்பிள்ளை கந்தோரிலே கடதாசி கட்டுபவர் என்றால் முகம் மலரும், மின்சாதனம் திருத்துபவர் என்றால், "அது சரி, நிரந்தர உத்தியோகம் என்ன?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவரே மறுநாட் காலையில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடவில்லையென்று வாசலில் வந்து நிற்பார். பட்டப்படிப்பு முடித்தபின் ஆண்டுக்கணக்காக நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கும் இளைஞரையும், காணி ஈடு வைத்து வெளிநாடு போக முயலும் இளைஞரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்காகவே இன்று பேசுகிறோம்.

யாழ்ப்பாணத்தாருக்குத் திருத்துந் தொழில் புதியதன்று. 1990 முதலான ஆண்டுகளில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. அக்காலத்திற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டி ஓட்டினோம். ஜாம் போத்தலிலே திரியிட்டு அந்த வெளிச்சத்திற் பாடம் படித்தோம். உடைந்ததை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதென்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு தலைமுறையின் கைத்திறன் அந்த இல்லாமையிற் பிறந்தது. 2009-க்குப் பின் கடைகள் நிறைந்தன, தவணை முறையிற் பொருள்கள் வீடு வந்தன, திறனை மறந்தோம். பின்னர் 2022 வந்தது. ரூபாவின் பெறுமதி விழுந்தது, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, புதுக் குளிர்சாதனப் பெட்டியின் விலையைக் கேட்டவர்கள் பழையதைத் தள்ளுவண்டியில் ஏற்றி எம்மிடம் கொண்டுவந்தார்கள். மற்றத் தொழில்கள் படுத்த அந்த ஆண்டில் எமது மேசையில் இடமில்லாதிருந்தது.

அவ்வாண்டு மார்ச்சு முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தமை உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் போகும்போது சாதனம் கெடுவது குறைவு. திரும்பி வரும்போதே கெடுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிறசர் நின்றவுடன் குழாயின் ஒரு பக்கத்தில் வாயுவின் அமுக்கம் கூடியே இருக்கும். இரு பக்கமும் சமனாக மூன்று முதல் ஐந்து நிமிடம் செல்லும். அதற்குள் மின்சாரம் வந்தால் மோட்டர் சுழல மாட்டாமல் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். இதற்கு மருந்து எளியது: மின்சாரம் போனவுடன் சுவிச்சை நிறுத்துங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இதைச் சொல்லிக் கொடுப்பதால் எமது வருமானம் குறையுமே என்று ஒரு நண்பர் கேட்டார். 2025 பெப்ரவரி 9-ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கியதாக அறிவித்தார்களே! குரங்குகள் உள்ளவரை எமக்கு வேலைக்குக் குறைவில்லை என்று அவருக்கு விடை சொன்னோம்.

இனித் தொழிலின் உள்ளே வருவோம். இதிலே கைத்திறனிலும் பெரிய சோதனை நாணயம். கூரை மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒருவர் கொண்டுவருகிறார். பத்தில் ஏழெட்டுத் தடவை மோட்டரிற் குற்றம் இராது, 2.5 மைக்ரோபராட் கொண்டென்சர் தன் கொள்ளளவை இழந்திருக்கும். அதை மாற்றச் சில நூறு ரூபாவும் பத்து நிமிடமும் போதும். ஆனால் வந்தவருக்கு அது தெரியாது. "கம்பி எரிந்துவிட்டது, புதிதாகச் சுற்ற வேண்டும்" என்று சொல்லிப் பல ஆயிரம் வாங்கினால் அவர் நன்றியோடும் கொடுத்துப் போவார். எந்த நீதிமன்றமும் எம்மைப் பிடிக்காது. தொழிலுக்கு வரும் இளைஞன் முதல் மாதத்திலேயே இந்த இடத்துக்கு வந்து நிற்பான். அவன் எந்தப் பக்கம் போகிறான் என்பதைப் பார்த்தே நாம் அவனை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்வது. கழற்றிய பழைய உறுப்பை ஒரு பையில் இட்டு உடையவரிடமே திருப்பிக் கொடுப்பது எமது வழக்கம். பலர் அதை வேண்டாமென்பார்கள்; ஆனாலும் கொடுக்கிறோம்.

இன்னொரு சோதனை அதைவிடக் கடுமையானது. சோறு ஆக்கும் றைஸ் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் உள்ளவரை சட்டியின் அடி ஏறத்தாழ நூறு பாகையில் நிற்கும். அரிசி நீரைக் குடித்து முடிந்ததும் வெப்பம் ஏறும். ஏறியவுடன் அடியிலுள்ள காந்தம் தன் பிடியை இழக்க, வில் சுவிச்சைத் தட்டிவிடும். அந்தச் சுவிச் ஒட்டிக்கொண்டால் வீடு எரியாதபடி காக்க உள்ளே ஒரு சிறு வெப்பப் பியூஸ் வைத்திருக்கிறார்கள். அது ஒருமுறை போனால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் குக்கர் புதிதுபோல வேலை செய்யும். ஆறு மாதமும் செய்யலாம், ஆறு வருடமும் செய்யலாம். சுவிச் ஒட்டும் நாளில் மட்டும் காவல் இல்லை. அந்நாளில் அடுப்படியில் ஒரு தாய் தனியாக நிற்பாள். சரியான பியூஸ் கையில் இல்லையென்றால் சாதனத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வரும்வரை காத்திருக்கச் சொல்லுவோம். கோபித்துக்கொண்டு வேறிடம் போனவர்களும் உளர்.

வீடுகளிற் பொருத்தும் வேலையிலும் இப்படியே. குளியலறைக்குச் சுடுநீர்ச் சாதனம் வாங்கி வைத்துவிட்டு, "பக்கத்தில் லைற்றுக்குப் போகும் வயரிலிருந்து எடுத்துவிடுங்கோ தம்பி" என்பார்கள். 3,500 வாற்றுச் சாதனம் 230 வோல்ற்றில் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்கு இட்ட மெல்லிய வயர் சுவருக்குள்ளே வெந்துபோகும். தனி வயர், ஏர்த், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச், இம்மூன்றும் இல்லாமல் பொருத்த மாட்டோம் என்று சொல்லிப் படலையைத் தாண்டி வெளியே வந்த நாள்கள் பல. வந்த செலவும் போய்விடும். ஆயினும் ஈரக் காலோடு நிற்கும் ஒருவரின் உயிரைப் பிணை வைத்து ஒரு நாட் கூலி வாங்குவதற்கு மனம் வருவதில்லை. ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

மன்றத் தொண்டர்களிடம் இவ்விடத்தில் ஒன்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கோயில் திருவிழாவில் அலங்கார விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டுபவர்கள் நீங்களே. பக்தர்கள் தோய்ந்த வேட்டியோடு, வெறுங்காலோடு, நனைந்த வீதியில் வருவார்கள். பிரதட்டை செய்பவர்கள் தரையிலேயே உருளுவார்கள். பந்தற் கால்களோ இரும்பு. நீங்கள் இரண்டு வயரை முறுக்கி, ரேப் சுற்றி, அந்த இரும்புக் காலோடு கட்டிவிட்டுப் போகிறீர்கள். மின்பிறப்பாக்கியிலிருந்து எடுக்கும் இணைப்புக்குப் பெரும்பாலும் ட்ரிப் சுவிச்சும் இராது. மின்சாரத்துக்குப் பக்தன் யார், பார்க்க வந்தவன் யார் என்று தெரியாது. வயர் இணைப்புகளைத் தரையில் விடாமல் ஆள் எட்டாத உயரத்திற் பெட்டிக்குள் வையுங்கள். இரும்புக் கால்களுக்கு ஏர்த் கொடுங்கள். இணைப்புத் தொடங்கும் இடத்தில் ட்ரிப் சுவிச் ஒன்றை வைக்க உபயகாரரிடம் கேளுங்கள். மாலை, மேளச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று. கொடியேற்றத்துக்கு முதல்நாள் எம்மைக் கூப்பிட்டால் வந்து பார்ப்போம். அதற்குக் கூலி இல்லை.

கூலி என்றதும் கணக்கு நினைவுக்கு வருகிறது. இத்தொழிலில் விழுபவர்களுட் பலர் திறமையின்மையால் விழுவதில்லை, கணக்கின்மையால் விழுகிறார்கள். ஓர் உதாரணம் சொல்வோம். கடை வாடகை, பெற்றோல், மின்கட்டணம், கருவித் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபா என்று வையுங்கள். வேலை நாள் 25 என்றால் நாளுக்கு 2,400. நாளில் மூன்று வேலை முடியுமானால் ஒவ்வொன்றின் தலையிலும் 800. உங்கள் சொந்தச் சம்பளம் நாளுக்கு 3,000 என்றால் இன்னும் 1,000. ஆக, உறுப்பின் விலை நீங்கலாக ஒரு வேலைக்கு 1,800 ரூபா வாங்காவிட்டால் நீங்கள் உங்கள் கைக்காசைப் போட்டு ஊருக்கு உழைக்கிறீர்கள். "முந்நூறு ரூபாச் சாமானுக்கு இவ்வளவா?" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கையே கோபமின்றிச் சொல்லலாம். பார்க்க வரும் கட்டணம் இவ்வளவு என்று முதலிலேயே தொலைபேசியிற் சொல்லிவிடுங்கள். பற்றுச்சீட்டு எழுதுங்கள், அதிலே பழுது, மாற்றிய உறுப்பு, எத்தனை மாதப் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் எடுத்துச் செல்ல வேண்டும் என்பன இருக்கட்டும். எடுக்காமல் விட்ட பழைய வானொலிகளால் எமது கடையின் ஒரு மூலை நிரம்பியிருக்கிறது.

உறவினரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மாமா வீட்டு மிக்சி, சித்தி வீட்டு அழுத்தி, மச்சானின் நண்பன் வீட்டுத் தண்ணீர் மோட்டர். காசு கேட்டால் மனஸ்தாபம். கேட்காவிட்டால் கடன் கொப்பி தடிக்கும். உறுப்பின் விலையை மட்டும் எவரிடமும் விடாது வாங்குவது என்றும், உழைப்பை உறவுக்கு விட்டுக்கொடுப்பது மாதத்துக்கு இத்தனைதான் என்றும் நாம் ஒரு வரையறை வைத்திருக்கிறோம். அது முழுவதும் நிறைவேறுகிறதென்று சொல்லமாட்டோம்.

நமது பிரதேசத்துக்கென்றே சில பழுதுகள் உண்டு. சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வரும் கிணற்று நீர் கடினநீர். அது கேத்தலிலும் சுடுநீர்ச் சாதனத்திலும் வெள்ளைப் படையாகப் படிந்து, சூடாக்கும் சுருளைத் தின்றுவிடும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் நீர்வாயில் வலையை அடைக்கும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டுக் காய்ச்சிக் கழுவினால் கேத்தல் இன்னும் சில வருடம் இருக்கும். கரையோர வீடுகளில் உப்புக்காற்று வெளியலகைத் துருவாக்கும்.

வாயு விஷயத்தில் இளைஞர்கள் கவனமாயிருக்க வேண்டும். ஓசோன் படையைக் கெடுத்த ஆர் 12 வாயு 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் வழியே விலக்கப்பட்டது. அதன்பின் வந்த ஆர் 134ஏ தீப்பற்றாது. இன்றைய குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ தீப்பற்றும். முதலில் பெட்டியின் பின்புறத்துச் சீட்டை வாசியுங்கள். வாயுவை வெளியேற்றாமல் குழாயருகே சுவாலையைக் கொண்டுபோகாதீர்கள். மைக்ரோவேவ் அடுப்போ பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளேயுள்ள கொண்டென்சரில் உயிரைக் கொல்லும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். பழகாதவர் அதைத் திறக்கவே வேண்டாம்.

பெண்பிள்ளைகளுக்கும் இத்தொழில் பொருந்தும் என்பது எமது எண்ணம். பகலில் வீட்டிற் பெண்களே தனித்திருக்கிறார்கள். முன்பின் அறியாத ஆண்களை உள்ளே விடத் தயங்கி, பழுதான சாதனத்தோடு வாரக்கணக்கில் இருக்கும் வீடுகள் உண்டு. மல்ற்றிமீற்றரோடு ஒரு பெண் வந்தால் அவ்வீடுகள் மகிழ்ந்து கதவைத் திறக்கும். பெரியோர்கள் இதை யோசிக்க வேண்டுகிறோம்.

இறுதியாக, தொடங்குவோருக்குச் சில தகவல்கள். கைவேலை அறிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். மதிப்பீட்டாளர் உங்கள் செய்கையையே பார்த்து மதிப்பிடுவார். நிறுவனங்களின் ஒப்பந்த வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அது உதவும். வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முதற் கருவிகளாக நல்ல மல்ற்றிமீற்றர், உறையிட்ட குறடுகள், ரெஸ்ரர், ஈயம் பற்றவைக்கும் கோல், காய்ந்த மர ஏணி ஆகியன போதும். மல்ற்றிமீற்றரில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். விஜயதசமியன்று எமது திருத்தகத்திற் கருவிகளுக்குப் பூசை நடக்கும்; பழக விரும்பும் பிள்ளைகளை அதற்கு மறுநாட் காலை எட்டு மணிக்கு அனுப்பிவையுங்கள். சப்பாத்தும் நீண்ட காற்சட்டையும் அணிந்து வரட்டும். மோதிரம், கைச்சங்கிலி வேண்டாம்.