வீடே பள்ளியானால்



வசதி படைத்தோர் உபாத்தியாயரை வீட்டுக்கு வரவழைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த உபாத்தியாயரின் இடத்தில் கணினித் திரை வந்து அமர்ந்திருக்கிறது. இணையத்தின் வாயிலாகப் பாடம் நடத்தும் நிறுவனங்கள் பல தோன்றிவிட்டன. அன்று வந்த உபாத்தியாயர், பையன் படிக்கின்றானா, சன்னல் வழியே வேடிக்கை பார்க்கின்றானா என்பதைத் தம் கண்ணால் கண்டார். திரைக்கு அந்தக் கண் உண்டா? தாய் தந்தை இருவருமே வேலைக்குச் செல்லும் வீட்டில், பதின்மவயதுப் பிள்ளைக்கு இத்தகைய கல்வியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

பிள்ளைகள் யாவரும் பள்ளிக்குச் சென்று பயில்வதே நன்று என்று கருதுபவன் நான். எனினும் நோய், ஓயாத இடமாற்றம், கடும் விளையாட்டுப் பயிற்சி போன்ற காரணங்களால் பள்ளி செல்ல இயலாத பிள்ளைகளும் உளர். அவர்களுக்கு வேறு வழி காட்டுவது நம் கடமையன்றோ?

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த தம்பதியர் என்னை நாடி வந்தனர். கணவர் வங்கி ஊழியர். மனைவி மருத்துவமனையில் செவிலியர். மகளுக்கு வயது பதினைந்து. நெடுநாள் நோயுற்றுத் தேறிய அப்பெண்ணுக்கு, நாள்தோறும் பேருந்தில் பள்ளி சென்று திரும்பும் வலு இல்லை. மூன்று நிறுவனங்களின் விவரத் தாள்களை என் முன் பரப்பி, “இவற்றுள் எது சிறந்தது, ஐயா?” என்று கேட்டார் தந்தை.

“காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை வீட்டில் யார் இருப்பார்கள்?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லை, ஐயா. அவள் மட்டுந்தான்.”

“அப்படியானால் பாடத்திட்டத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பெண்ணின் பகற்பொழுதைப் பார்ப்போம்” என்றேன்.

இணையவழிக் கல்வியில் இருவகை உண்டு. ஒன்று, முன்னரே பதிவு செய்த பாடங்களை மாணவர் தம் விருப்பம் போல் பார்ப்பது. மற்றொன்று, குறித்த நேரத்தில் ஆசிரியர் திரையில் தோன்றிப் பாடம் நடத்துவது. முதல் வகை வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஏற்றதெனத் தோன்றும். விலையும் குறைவு, நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் எந்நேரமும் படிக்கலாம் என்றால் எந்நேரமும் தள்ளிப்போடலாம் என்றும் பொருள். தனித்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம், வளர்ந்தவர்க்கே அரிதான மனவுறுதியை எதிர்பார்ப்பது முறையாகுமா?

இதற்கு வானொலி வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், அண்டை வீடு பல மைல்களுக்கு அப்பால் இருக்கும் கால்நடைப் பண்ணைகளில் வாழும் பிள்ளைகளுக்காக, 1951-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. இருவழி வானொலியில் ஆசிரியர் வினவுவார்; பிள்ளை விடை கூறும். ஆயினும் பிள்ளையின் அருகே தாயோ, அமர்த்தப்பட்ட ஒருவரோ துணையாசிரியராக அமர்ந்திருப்பர். பிற்காலத்தில் வானொலி போய் இணையம் வந்தது. அந்தத் துணையாசிரியர் மட்டும் போகவில்லை.

நம் நாட்டு அனுபவமும் அதுவே. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, முந்தைய ஆண்டில் தமிழக அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீடுதேடிக் கொண்டுவந்தது. அது அரிய உதவி என்பதில் ஐயமில்லை. அந்நாளில் என் தெருப் பிள்ளைகள் சிலரின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். கணக்கின் வழியைத் திரையிலிருந்து பிழையின்றி எழுதியிருந்தனர். எண்களை மாற்றிக் கொடுத்தால் திகைத்தனர். பாடம் அவர்களைத் தேடி வந்தது. அவர்கள் எழுதியதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே, எந்த நிறுவனத்தையும் நான்கு வினாக்கள் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆசிரியர் நேரலையில் பாடம் நடத்துவார்? ஒரு வகுப்பில் மாணவர் எத்தனை பேர்? கையால் எழுதிய விடைகளை ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்தி எத்தனை நாளில் திருப்புவார்? பிள்ளை வகுப்புக்கு வரவில்லையென்றால், யார், எப்பொழுது பெற்றோரை அழைப்பார்? விடை கேட்டதோடு நில்லாமல், பெயரை மறைத்துத் திருத்திய விடைத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சரி, தவறு என்ற குறிகள் மட்டும் இருந்தால் ஒன்று. ஏன் தவறு என்று ஓரத்தில் எழுதியிருந்தால் முற்றிலும் வேறு.

அடுத்தது சான்றிதழ். பாடம் நடத்துவோர் வேறு, தேர்வு நடத்திச் சான்று வழங்குவோர் வேறு. இதனை மறந்த பெற்றோர் பின்னர் இடர்ப்படுவர். நம் நாட்டில் 1989-இல் தன்னாட்சி அமைப்பாக நிறுவப்பட்டு இயங்கி வரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில், 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேரலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பதிவு ஐந்தாண்டு செல்லும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு. நோயுற்ற பிள்ளைக்கு இந்த நெகிழ்வு பேருதவி. தமிழக அரசின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் வழி உண்டு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு உரிய காலத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜ் போன்ற அயல்நாட்டுத் தேர்வு எனின், தனித்தேர்வரை ஏற்கும் தேர்வு மையம் அருகில் உண்டா என்று முன்னரே அறிக. எவ்வழியாயினும், பிள்ளை சேர விரும்பும் கல்லூரியிலும் அச்சான்று செல்லுமா என்று எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. விற்பனையாளரின் வாய்மொழி போதாது.

மூன்றாவது, கட்டணம். ஒரு மாதம் பயின்று பார்க்காமல் ஓராண்டுத் தொகையை ஒருசேரக் கட்டாதீர்கள். இடையில் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நான் குறிப்பிட்ட தம்பதியர், மூன்றனுள் விளம்பரம் மிகுந்ததை விட்டு, காலையில் இரண்டு மணி நேரம் நேரலை வகுப்பும் வாரந்தோறும் விடைத்தாள் திருத்தமும் உள்ள சிறிய நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தனர். தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தனர். அறையில் கண்காணிப்புக் கருவி பொருத்தலாமா என்று தந்தை கேட்டார். வேண்டாம் என்றேன். கருவி, பிள்ளை நாற்காலியில் இருப்பதைக் காட்டுமேயன்றிப் படிப்பில் இருப்பதைக் காட்டாது. அதனோடு, தன்னை நம்பவில்லை என்ற எண்ணத்தையும் வளர்க்கும். அதற்கு மாற்றாக ஓர் ஒழுங்கு வகுத்தோம். காலையில் பத்து நிமிடம், அன்றைய வேலையைப் பெண்ணே தாளில் எழுதுவாள். இரவில் அரை மணி நேரம், அன்று கற்றதில் ஒன்றைத் தாய்க்கோ தந்தைக்கோ, அவரவர் பணிநேரத்துக்கேற்ப, விளக்கிச் சொல்லுவாள். வாரத்தில் இரண்டு பிற்பகல் அருகிலுள்ள அத்தை வீட்டில், ஒத்த வயதுப் பிள்ளைகளோடு படிப்பாள்.

அந்த அரை மணி நேரமே கடினமாக இருக்கிறது என்று தாய் பின்னர் என்னிடம் கூறினார். பணி முடிந்து களைத்து வருபவருக்கு அது எளிதன்று. ஆயினும், “அவள் நாள்முழுதும் யாரிடமும் பேசாமல் இருந்தது எனக்கு அப்பொழுதுதான் தெரிகிறது, ஐயா” என்றும் சொன்னார். பாடத்தைவிடப் பெரிய செய்தி அது.

பெற்றோர் எல்லாப் பாடங்களையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. “இது எனக்குப் புரியவில்லையே, மறுபடி சொல்” என்று கேட்கத் தெரிந்தால் போதும். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க நம்மால் இயலுமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இயலுமெனின் நடுத்தரமான நிறுவனமும் நற்பயன் தரும். இயலாதெனின் உறவினரையோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ அப்பொறுப்பில் அமர்த்துங்கள். அதன் பின்னரே விவரத் தாள்களைக் கையில் எடுங்கள்.