சோறு சமைப்பவரின் ஊதியம் யார் பொறுப்பு?

(மாணவர் பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரை)



தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் விடுதிகள் காவிரி, கோதாவரி, சபர்மதி, ஜீலம் என ஆறுகளின் பெயர்களைத் தாங்கியவை. பெரியார் விடுதியும் உண்டு. தமிழ்நாட்டு மாணவர் அதை ஈரோட்டுப் பெரியாராகக் கருதி மகிழலாம். ஆயினும் அது கேரளத்து ஆறு.

2019 அக்டோபர் 28 அன்று புதிய விடுதிக் கையேட்டை நிர்வாகம் ஏற்றது. ஒருவர் தங்கும் அறையின் மாத வாடகை 20 ரூபாயிலிருந்து 600 ஆகவும், இருவர் அறையில் ஒருவருக்கு 10 ரூபாயிலிருந்து 300 ஆகவும் உயர்த்தப்பட்டது. பத்து ரூபாய்க்கு அறையா என்ற ஏளனமே நாடெங்கும் ஒலித்தது. அதைவிடப் பெரிய சுமை அதிகம் பேசப்படவில்லை. அதுவரை இல்லாத சேவைக் கட்டணம், மாதம் 1,700 ரூபாய், மாணவர் மீது சுமத்தப்பட்டது. விடுதிகளின் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு ஊதியம் வழங்க வேண்டியிருப்பதையே நிர்வாகம் முக்கியக் காரணமாகக் காட்டியது.

இதன் சூது கவனிக்கத்தக்கது. முதலில் நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் ஒப்பந்தத்தில் ஆள் சேர்க்கின்றனர். பின்னர், ஒப்பந்த ஊழியரின் ஊதியத்துக்கு மானியத்தில் இடமில்லை என்கின்றனர். இறுதியில் அந்த ஊதியம் மாணவரின் ரசீதில் ஏறுகிறது. இனிச் சமையற்கூடத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், அவர் சமைத்த சோற்றை உண்ணும் மாணவரே அதற்கு எதிராக நிற்க நேரும். அரசோ இடையிலிருந்து விலகிக்கொள்ளும்.

2017-18இல் அங்கு சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரின் குடும்ப மாத வருமானம் 12,000 ரூபாய்க்கும் குறைவு என்பது பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை தரும் கணக்கு. இருவர் அறைக்கான வாடகையும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 2,000 ரூபாய். அந்த வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. உணவுக் கட்டணம் தனி. இத்தகைய குடும்பங்களில் முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பே.

நவம்பர் 11 அன்று பட்டமளிப்பு விழா அரங்கின் வெளியே மாணவர் திரண்டனர். ஒன்றிய அமைச்சர் பல மணி நேரம் வெளியேற இயலவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குச் சலுகை என்று நிர்வாகம் இறங்கிவந்தது. சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையச் செய்யும் சலுகையை மாணவர் ஏற்கவில்லை. 2020 ஜனவரி 5 இரவு முகமூடிக் கும்பல் சபர்மதி விடுதிக்குள் புகுந்து தாக்கியது. மாணவர் பேரவைத் தலைவரின் தலை உடைந்தது.

ஜனவரி 24 அன்று, பதிவு செய்யாதிருந்த மாணவர்கள் பழைய கட்டணத்திலேயே பதிவு செய்துகொள்ளத் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தது. ஒப்பந்தத் தொழிலாளரின் ஊதியச் சுமை மாணவருடையதன்று என்றும் விசாரணையில் சுட்டியது. அத்தொழிலாளரின் பணி நிரந்தரம் அந்த வழக்கின் பொருளாக இருக்கவில்லை.