சண்டிக் குதிரையும் தனிச் சவாரியும்

கொழும்பிலிருந்து கண்டி வீதியாற் செல்வோர் இன்று பேலியகொடையை அடையுமுன் களனி கங்கையைக் கடந்ததையே கவனிப்பதில்லை. மோட்டார் வண்டி பாலத்தில் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. 1822ஆம் ஆண்டு முதல், 1895இல் விக்டோரியாப் பாலம் எழும்வரையில், நிலைமை வேறு. வரிசையாகப் பிணைத்த படகுகளின்மேல் பலகை பரப்பிய படகுப் பாலமே கிராண்ட்பாஸ் கரையையும் பேலியகொடைக் கரையையும் இணைத்து நின்றது. குதிரைமீது தனியே வருவோனுக்கு அஃது ஒரு சோதனை. குளம்பு பட்டதும் பலகை ஓசையிடும். அடியில் நீர் அசையும். குதிரை செவிகளை முன்னே நீட்டி, கால்களை ஊன்றி நின்றுவிடும்.

சண்டித்தனம் என்று சொல்லிச் சவுக்கை ஓங்குவது எளிது. ஆனால், நேயர்களே, சண்டி என்று பெயர் வாங்கிய குதிரைகளுட் பல, உண்மையில் அஞ்சிய குதிரைகளே. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. ஏறக்குறையச் சுற்றெங்கும் அது காணும். தன் மூக்கின் அடியில் இருப்பதையும் நேர் பின்னால் வருவதையும் மட்டும் காணாது. காலடியில் உள்ளதைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தவேண்டும். அவ்வேளையிற் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பவன் அதன் கண்ணைக் கட்டியவன் ஆகின்றான்.

செஞ்சியை ஆண்டு 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையுடன் பொருது மடிந்த தேசிங்குராசனை, எவருக்கும் அடங்காத பரியை அடக்கிய வீரனாக நாட்டுக் கதை போற்றுகின்றது. கேட்க இன்பமான கதைதான். எனினும் குதிரை ஏறக் கற்பவனுக்கு அலெக்சாந்தரின் கதையே அதிகம் உதவும். புசிபாலஸ் என்னும் குதிரை தன் நிழலைக் கண்டே வெருளுகிறது என்று அறிந்த அச்சிறுவன், அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பிய பின்னரே ஏறினான் என்று புளூட்டார்க் எழுதுகின்றார். அங்கே வென்றது தோள்வலி அன்று.

தனிமை இன்னொரு துன்பம். நெடுந்தீவில் இன்றும் கட்டின்றித் திரியும் குதிரைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அவை கூட்டமாகவே மேயும். ஒன்று தலை நிமிர்ந்தால் மற்றவையும் நிமிரும். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே ஓடத் தொடங்கிய தபால் கோச்சின் குதிரைகளுக்கும் பக்கத்தில் துணை இருந்தது. தனிச் சவாரிக் குதிரைக்கோ, முதுகில் இருப்பவனே முழுக் கூட்டமும். அவன் நெஞ்சு படபடத்தால் குதிரையின் இதயத் துடிப்பும் விரைவதை ஆராய்ச்சியாளர் அளந்தே கண்டிருக்கின்றனர்.

ஆகையால் பழக்குவோர் முதலில் பழகிய குதிரை ஒன்றைத் துணைக்கு முன்னே விடுவர். நாளடைவில் அதனைத் தொலைவில் நிறுத்துவர். பிறகு தனியே சிறிது தூரம் மட்டும் செல்வர். அச்சம் முற்றுமுன், அது அமைதியாய் இருக்கும்போதே திரும்புவது நல்லது. மிரண்டு நின்றால் நிற்கட்டும். வீட்டுப் பக்கம் திரும்ப மட்டும் இடங்கொடுத்தலாகாது. கடிவாளத்தைத் தளர்த்தி, பொருளையன்றிப் போகும் வழியையே நோக்கி, தாழ்ந்த குரலிற் பேசவேண்டும். ஓரடி முன்வைத்தால் அப்போதே கழுத்தைத் தடவலாம். இறங்கி, பக்கத்தில் நடந்து அழைத்துச் செல்வதிலும் இழிவில்லை. ஆடும் பலகையும் ஆற்று வெள்ளமும் உள்ள இடத்தில் அதுவே அறிவு.

பேலியகொடைக் கரை ஏறிவிட்டால் வேலை முடிந்ததென எண்ணலாகாது. மாலையில் திரும்பும்போது அதே குதிரை லாயத்தை நினைத்து ஓடப் பார்க்கும். காலையில் ஏற மறுத்த அந்தப் பலகைகளின்மேல், இப்போது அதனை மெதுநடையிலேயே வைத்திருக்கவேண்டும்.