சளியின் நிறமும் நாள்களின் கணக்கும்



வீட்டில் ஒரு குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டால் பெற்றோர் முதலில் பார்ப்பது கைக்குட்டையைத்தான். இரண்டு நாள் நீர்போல் ஒழுகிய மூக்கு, மூன்றாம் நாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டதும், "சைனஸ் வந்துவிட்டது" என்னும் அச்சம் எழுகிறது. சென்ற முறை வாங்கிய மருந்தில் மிஞ்சிய பாதிப் புட்டி நினைவுக்கு வருகிறது. வேறு சில வீடுகளிலோ, மூன்று வாரம் ஆனபின்னும் "சளிதானே, தானே போய்விடும்" என்று விட்டுவிடுகின்றனர். இவ்விரண்டினாலும் துன்புறுவது குழந்தையே. எங்கே பொறுத்திருப்பது, எங்கே விரைவது என்பதை அறிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளினுள்ளே காற்று நிறைந்த சிற்றறைகள் உள்ளன. அவற்றையே சைனஸ் என்பர். கன்னத்து அறைகளும் கண்களுக்கு இடைப்பட்ட அறைகளும் பிறவியிலேயே உள்ளவை. நெற்றி அறைகளோ ஏழெட்டு வயதளவில் தோன்றிப் பதின்பருவத்தின் இறுதியில்தான் முழுமை பெறுகின்றன. ஆகவே, சிறு குழந்தை பெரியவர்களைப்போல் தலைவலி என்றோ முகவலி என்றோ சொல்வது அரிது. நீங்காத மூக்கொழுக்கும் இருமலுமே அதன் மொழி.

இவ்வறைகள் குறுகிய வாயில்கள் வழியே மூக்கினுள் திறக்கின்றன. வைரஸால் வரும் சளியில் அவ்வாயில்கள் வீங்கி அடைபடுகின்றன. உள்ளே தேங்கிய நீரில், மூக்கிலும் தொண்டையிலும் முன்பே தங்கியிருந்த பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஆயினும் இந்நிலையை எட்டுபவை, குழந்தைகளுக்கு வரும் சளிகளுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. ஏனையவை ஐந்து முதல் பத்து நாள்களுக்குள் தாமே தணிபவை.

சளியின் நிறம் இதற்குச் சான்றாகாது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வந்து கூடுவதால் சாதாரணச் சளியும் பச்சையாகும். எக்ஸ்ரே படமும் துணை செய்வதில்லை. எளிய சளியிலும் அவ்வறைகள் படத்தில் மங்கலாகவே தோன்றும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, நோயின் போக்கை மூன்றாக வகுத்துக் காட்டுகிறது.

முதலாவது, மூக்கொழுக்கோ பகல்நேர இருமலோ சற்றும் குறையாமல் பத்து நாள்களைக் கடந்து நீடிப்பது. இரண்டாவது, குணமாகி வருவதுபோல் தோன்றிய குழந்தைக்குக் காய்ச்சலோ இருமலோ மூக்கொழுக்கோ மீண்டும் மிகுவது. மூன்றாவது, தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸ், அதாவது 102.2 டிகிரி பாரன்ஹீட் அளவோ அதற்கு மேலோ காய்ச்சலும், சீழ்போன்ற சளியும் சேர்ந்து மூன்று நாள்கள் தொடர்வது.

பின்னிரு வகைகளுக்கும் பாக்டீரியக் கொல்லி மருந்து தேவை என்கிறது அந்நெறிமுறை. முதல் வகையில் மருந்தை உடனே தொடங்கலாம். அல்லது மருத்துவரின் கண்காணிப்பில் மேலும் மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம். அமாக்சிசிலின், தனித்தோ கிளாவுலானிக் அமிலத்துடன் சேர்ந்தோ, முதலில் தரப்படும் மருந்தாகும். குழந்தையின் எடையைக் கொண்டே அதன் அளவு கணிக்கப்படுகிறது. பென்சிலின் ஒவ்வாமை உண்டெனில் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். மூன்று நாளில் நலம் காணாவிடில் மருத்துவர் மீண்டும் பார்த்து மருந்தை மாற்றுவார்.

மிஞ்சிய புட்டியை எடுத்து ஊற்றுவது முற்றிலும் தவறு. நீர் கலந்த மருந்து சில நாள்களே வீரியம் காக்கும். அண்ணனுக்குத் தந்த அளவு தம்பிக்குப் பொருந்தாது. வைரஸ் சளிக்கு இம்மருந்து பயன்படுவதுமில்லை. வயிற்றுப்போக்கையும் தடிப்பையும் தரக்கூடும். வேண்டாத வேளையில் மருந்தைக் கண்டு பழகிய கிருமிகள், வேண்டிய வேளையில் அதற்கு அடங்க மறுக்கும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இவ்வபாயத்தை எடுத்துரைத்தார்.

பொறுத்திருக்கும் நாள்களில் உப்புநீர்ச் சொட்டு மருந்து மூக்கடைப்பைத் தளர்த்தும். போதிய நீராகாரமும் ஓய்வும் உதவும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிக்கச் செய்தல் ஆகாது. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு.

ஒருநாளும் பொறுக்கக் கூடாத அறிகுறிகள் சில உள்ளன. கண்ணைச் சுற்றி வீக்கமும் சிவப்பும், விழி முன்தள்ளுதல், பார்வை இரட்டையாதல், கடுந்தலைவலியுடன் வாந்தி, கழுத்து விறைப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவை அவை. தொற்று கண்குழிக்கோ மூளைப் பக்கமோ பரவியதன் அடையாளங்களாக அவை இருக்கலாம். அப்போது நாள் எண்ணுதல் தகாது. அந்த நாழிகையே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஸ்கேன் எடுப்பதும் அந்நிலையில்தான் பொருளுடையது.

தாய்மார்களே, சளி தொடங்கிய நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காய்ச்சல் கண்ட நாளையும், அளந்த வெப்பத்தையும், நலம் தெரிந்த நாளையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது "எத்தனை நாளாக?" என்பதே. அவ்வினாவுக்குத் தாய் தரும் சரியான விடையே குழந்தைக்குச் செய்யும் சிகிச்சையின் தொடக்கமாகும்.